வெட்டு நம்பர்

அவரிடம் போய், "சரியான மழை ஐயா" என்று சொல்ல முடியாது. "எத்தனை?" என்று கேட்பார். தேத்தண்ணியில் சாயம் கூடிப்போச்சு என்றால், "எத்தனைக்கு எத்தனை?" என்பார். ஒருமுறை ஒரு பெண், மாமியார் ரொம்பப் பொல்லாதவள் என்று அழுதுகொண்டே ரோட்டில் போனாள். எதிரே வந்த இவர் நிறுத்தி, "பொல்லாதவன்னா எத்தனை? பத்துக்குள்ள சொல்லு" என்று கேட்டார். அவள் அழுகையை விட்டுவிட்டு யோசித்தாள்.

"எட்டு இருக்கும் ஐயா."

"போன மாசம்?"

"ஒம்போது."

"அப்ப கொறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார். அவளும் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். விஷயம் மாமியார் காதுக்கு எட்டி, அந்த அம்மாள் ஒரு கிழமையாக அவரைத் தேடிக்கொண்டிருந்தது வேறு கதை.

வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மூன்று மைல் கட்டை தள்ளி ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஃபெக்டரி ஆபீசில் அவர் சின்னக் கிளாக்கர். பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளத் தாளைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. 'நம்பரய்யா' என்றால்தான் ஆள் தெரியும். ஒல்லி. முழங்கையில் ஓட்டை விழுந்த காப்பி நிற ஸ்வெட்டர். இரண்டு காதிலும் ஒவ்வொரு பென்சில். நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் டீச்சர். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை. எனக்குக் குவாட்டர்ஸ் என்று கொடுத்தது கீழ் லயத்து வரிசை வீடுகளில் பத்தாம் காம்பரா, ஒற்றை அறை. கணவருக்கு ஹட்டனில் கடை வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். மற்ற நாட்களில் நானும் கைக்குழந்தையும்தான்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஹட்டனில், பின்பக்கம் மலை இல்லாத வீடாகத் தேடிக் குடியேறினேன். அந்த ஊரில் இப்படி ஒரு வீடு கேட்டால் புரோக்கர் எப்படிப் பார்ப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கடைக்கு மேல் ஒரு மாடி கிடைத்தது. பின்னால் மலை இல்லை, பள்ளம் இருக்கிறது. மழை பிடித்தால் கொழும்பில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போடுவேன். "அம்மா, இங்க மலையே இல்லை" என்பாள். எனக்கும் தெரியும். தெரிந்தும் போடுவேன்.

அவருக்கு இந்த எண் பைத்தியம் தபாலில் வந்தது. கொழும்பிலிருந்த ஏதோ ஒரு நிலையம், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது எப்படி என்று மாதம் ஒரு பாடம் அனுப்பியது. மொத்தம் பன்னிரண்டு பாடம். பதினொன்று வந்தது, பன்னிரண்டாவது கடைசிவரை வரவில்லை. அவர் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. நாங்களும் கண்டதில்லை. ஆகவே அது என்ன என்று அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர்.

"சொன்னதச் செய்யும் டீச்சர். எதிர்த்துப் பேசாது. களைப்பு வராது. நம்ம தோட்டத்துல அப்படி ஒருத்தன் இல்லையே. அதான், மூணு பேரச் சேத்து ஒண்ணு செஞ்சுக்கணும்."

செய்தார். அந்த மெஷினில் முதல் ஆள் அவர். இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்ந்து லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பழைய கங்காணி. மூன்றாவது நான், எழுதப் படிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக.

ஒன்பதாம் பாடம் படங்களைப் பற்றியது. ஒரு படத்தில் இருட்டான இடங்கள் எவை என்று மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்குக் கண் கிடையாது. அதனால் படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அட்டக் கறுப்புக்குப் பூச்சியம், பளிச்சென்ற வெள்ளைக்கு ஒன்பது. பிறகு ஒரு 'வெட்டு நம்பர்' வைக்க வேண்டும். வெட்டு மூன்று என்றால், மூன்றுக்குக் குறைந்த கட்டமெல்லாம் இருட்டு; மற்றதெல்லாம் வெளிச்சம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டும் இருட்டு என்றால் இரண்டும் ஒரே இடம். இவ்வளவுதான் பாடம்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் அவர் ஒரு பட்டை செய்து வைத்திருந்தார். கறுப்பு மையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து, பூச்சியம் முதல் ஒன்பது வரை பத்துச் சதுரம். சட்டைப் பையில் எப்போதும் அது இருக்கும். எதைக் கண்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தலவாக்கலைச் சந்தையில் வாழைப்பழக்காரன், "பழம் கறுக்கல்ல ஐயா, கனிஞ்சிருக்கு" என்று சொல்ல, இவர் பட்டையை எடுத்துப் பழத்தில் வைத்து, "ரெண்டு. என் வெட்டு நாலு" என்று சொல்லிவிட்டு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். வாழைப்பழக்காரன் என்னைப் பார்த்து, "சொகமில்லாதவரா?" என்று கேட்டான்.

அவருக்குக் கல்யாணம் நடக்காமல் போனதும் அந்தப் பட்டையால்தான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் அனுப்பிய படத்தில், பெண் பார்க்கப் போயிருந்த இவருடைய அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா படத்தை நீட்டி, "எல்லாம் சரிதான்டா. பொண்ணுதான் கொஞ்சம் கறுப்பு" என்றார். இவர் வழக்கம்போல, "எத்தனை?" என்று கேட்டுப் பட்டையை எடுத்தார். நெற்றியில் ஒரு கட்டம், கன்னத்தில் ஒரு கட்டம் என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "பொண்ணு அஞ்சு. நீதான்க்கா மூணு" என்றார். அக்கா அன்றைக்கே பஸ் ஏறிப் போனவர், மூன்று தீபாவளிக்கு வரவில்லை. சம்பந்தமும் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு விளையாட முடியாது. வெட்டு நம்பரைப் படம் பார்க்கும் முன்பே வைத்துவிட வேண்டும். வைத்தால் வைத்ததுதான்.

"படத்தப் பாத்துட்டு நம்பர மாத்தினா அது கணக்கு இல்ல, களவு" என்பார். "நமக்கு என்ன வேணுமோ அத மெஷின் வாயில போட்டுச் சொல்ல வைக்கிறது. அதுக்கு எதுக்கு மெஷின்? சாமியாடியக் கூப்புட்டா போதுமே."

பக்கத்து டிவிசனில் ஒரு மழைக்கு மலைச் சரிவு கொஞ்சம் இறங்கி ஒரு மாட்டுப்பட்டியை மூடிவிட்டது. மாடுகள் மேயப் போயிருந்ததால் தப்பின. அன்றிலிருந்து அவர் எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலையைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மலைக்குக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். இலையில்லாமல், குச்சிகளுக்கு நடுவே மண் தெரிந்தது. வெயில் நாளிலும் எந்த மண் கறுப்பாகவே கிடக்கிறதோ அதற்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்பது அவர் எண்ணம். தலவாக்கலை ஸ்டூடியோக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கி, எதிர்மலையில் ஏறி நின்று படம் எடுத்தார். பெரிதாக்கிக் கட்டம் போட்டு, எண் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் மெஷினை ஓட்டினோம்.

அவர் எண்ணை வாசிப்பார். அது மூன்றுக்குக் குறைவா இல்லையா என்று கங்காணி சொல்ல வேண்டும். குறைவு என்றால் நான் என் தாளில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடைக்க வேண்டும்.

"ரெண்டு."

"கொறைவு."

"நாலு."

"இல்ல."

"மூணு."

கங்காணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மூணும் மூணும் ஒண்ணுதானே. என்னன்னு சொல்ல?" என்றார்.

"கொறைவு இல்ல."

"கூடவும் இல்லையே ஐயா. பாவம், அது எங்கிட்டுப் போகும்?"

"கங்காணி, நீங்க மெஷின். மெஷினுக்குப் பாவம் பாக்கத் தெரியாது."

"நாப்பது வருசம் ஆள் வெரட்டினப்பவும் இதத்தான் தொரை சொன்னாரு" என்றார் கங்காணி.

பொழுது சாயும்போது பதினொரு இருட்டு இடங்கள் கிடைத்தன. அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு தோட்ட மனேஜர் தொரையிடம் போனார். தொரை சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறிப் பார்த்தார். பதினொன்றில் ஏழு இடம், கம்பளி. மழைக்குத் தலையில் போடுகிற கறுப்புக் கம்பளிகளை எங்கள் லயத்துப் பெண்கள் கவ்வாத்துக் குச்சி மேல் விரித்துக் காயவைப்பது வழக்கம். மழையில்லாத நாளில் வேறு எங்கே காயவைப்பது? அதில் ஒன்று என்னுடையது. மிச்சத்தில் இரண்டு, பாறை நிழல். ஒன்று எரு மூட்டை. ஒன்று கறுப்பு மாடு. அது இடம் மாறியிருந்தாலும், படத்தை வைத்து அடையாளம் பிடித்தோம்.

தொரை மூச்சு வாங்க இறங்கி வந்து சொன்னார்: "கிளாக்கர், மலை விழுந்தா முதல்ல கம்பளியக் காப்பாத்துவம். சரிதானே?"

ஒரு மாதம் தோட்டம் சிரித்தது. அவரைக் கண்டால் பெண்கள் தலைக் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "ஐயா, நம்பர் போட்டுறாதீங்க" என்றார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் அதை ஓர் அவமானமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு டீச்சர். இருட்டா இருக்குன்னுச்சு. தண்ணின்னு சொன்னது நான்" என்றார். பிறகு திருத்தம் செய்தார். ஒரு படம் இல்லை, இரண்டு படம்: காலை ஒன்பதுக்கு ஒன்று, பின்னேரம் மூன்றுக்கு ஒன்று. இரண்டிலும் இருட்டாக இருக்கும் கட்டம் மட்டும்தான் கணக்கு.

"நெழல் நடக்கும் டீச்சர். தண்ணி குந்தியிருக்கும்."

படமெடுப்பதற்கு முதல் நாள் லயம் லயமாகப் போய்ச் சொன்னார்: "நாளைக்கு மலையில கம்பளி காயப்போடாதீங்க."

"ஏன் ஐயா, மலைக்குக் கண்ணு பட்டுருமா?"

"படம் எடுக்கிறேன்."

"அப்ப மலைக்குப் பவுடர் போட்டு விடவா?"

எவ்வளவு கேலி செய்தாலும் அன்றைக்கு ஒரு கம்பளிகூட மலையில் இல்லை. அவர் மேல் அந்தளவு பிரியம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

படங்கள் பெரிதாகி வர ஒரு மாதம். வந்த கிழமையே மழை பிடித்துக்கொண்டது. ஒரு படத்துக்கு முப்பது வரிசை, வரிசைக்கு நாற்பது கட்டம். காலைப் படம் முழுவதையும் அவரே பார்த்து முடித்துவிட்டார். பின்னேரப் படத்தில் கடைசி நாலு வரிசை பாக்கி. சனிக்கிழமை பின்னேரம் கண் சிவந்துபோய் என் வாசலுக்கு வந்தார்.

"மூணு நாளாக் கண்ணு எரியுது டீச்சர். இந்த நாலு வரிசைய மட்டும் பாத்து எழுதிருங்க. நாளைக்கு ஓட்டிப் பாத்துருவோம். மழை விடாது போலருக்கு."

பட்டையைக்கூடக் கையோடு கொடுத்தார். அந்தப் பட்டையை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. கடைசி நாலு வரிசை என்பது மலையின் அடிவாரம். அதன் கீழ் ஓரத்தில் எங்கள் லயத்துக் கூரை.

அன்று மகளுக்குக் காய்ச்சல். மழையென்று கணவரும் ஹட்டனிலேயே தங்கிவிட்டார். குழந்தை மடியை விட்டு இறங்கவில்லை, பால் குடிக்கவில்லை, அழுகை நிற்கவில்லை. நான் ஒரு கையில் அவளைப் போட்டுக்கொண்டு மறுகையில் பட்டையை வைத்து ஆறேழு கட்டம் பார்த்தேன். அவள் பட்டையைப் பிடுங்கி வாயில் வைத்தாள். பிறகு நான் பார்க்கவில்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கட்டத்துக்கும் கைபோன போக்கில் எழுதினேன். அஞ்சு, ஆறு, அஞ்சு, அஞ்சு, ஆறு. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மலையடிவாரம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது, கம்பளியைக்கூட எடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன். இதைப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியது. தகரக் கூரையில் மழைச் சத்தம். எண்ணைக் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. அவர் தாளில் மேலே முதலிலேயே எழுதியிருந்தார்: வெட்டு நம்பர் 3. அதற்குக் கீழே: இருட்டு லயத்தைத் தொட்டால் ஆட்களை இறக்க வேண்டும், தொடாவிட்டால் வேண்டாம். கறுப்பு மையில், கோடு போட்டு.

மேலே பாறைக்கு அடியில் இருட்டு தொடங்கியது. கட்டம் கட்டமாக அகலமாகிக்கொண்டே கீழே வந்தது. நான் பென்சிலால் அடைக்க அடைக்க, நேராக என் வீட்டைப் பார்த்துத்தான் வந்தது. கடைசி நாலு வரிசைக்கு வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

கங்காணி எட்டிப் பார்த்தார். "தண்ணி டீச்சர் வீட்டக் கண்டு பயந்து நின்னுருச்சு."

நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்போல் இருந்தது.

நம்பரய்யா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "தொடல" என்றார். "மெஷின் வேணாங்குது" என்று சொல்லி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். குடையை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் அவர் கீழ் லயத்துக்கு வந்து காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டினார். "மெஷின் சொல்லுது, எல்லாரும் ஃபெக்டரி மாடிக்கு வாங்க" என்றார். கொழுந்து வாட்டுகிற மாடி அது. அடுப்புச் சூடு மேலே வந்துகொண்டே இருக்கும். தொரையிடம் அவர் கேட்கவில்லை. சாவி அவரிடம் இருந்தது, திறந்துவிட்டார். வேலை போகிற காரியம்.

"போன தடவ கம்பளி. இந்தத் தடவ என்ன ஐயா, வேட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டுக்கொண்டே மூட்டை கட்டினார்கள். அவர் சொன்னதற்காக எத்தனை பேர் வந்தார்கள், நாலு நாள் ஈரத்துக்குப் பிறகு ஒரு சூடான மாடிக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

பத்தாம் காம்பராவுக்கு வந்தபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். மெஷின் என்ன சொன்னது என்று தெரிந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

"நேத்துத் தொடலன்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா. காய்ச்சல் புள்ளைய இந்த மழையில எப்படித் தூக்கிட்டு வர்றது?"

அவர் ஸ்வெட்டருக்குள்ளிருந்து தாளை எடுத்துக் காட்டினார். 3 என்பதை அடித்து, 7 என்று எழுதியிருந்தார். ஏழு வைத்தால் என் அஞ்சும் ஆறும் இருட்டாகிவிடும். என் அஞ்சும் ஆறும் மட்டுமா, மலை பூராவும், கோயில், ஃபெக்டரி, ரோடு, கொஞ்சம் வானம்கூட இருட்டு. தாள் முழுக்கக் கரியாக இருந்தது. இரவிரவாக உட்கார்ந்து அடைத்திருக்கிறார்.

"இது..." என்றேன்.

"களவுதான் டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மெஷின் வேணாம்னுதான் சொல்லுச்சு. எனக்குப் பயமாருக்கு. புள்ளையத் தூக்குங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் குழந்தையைத் தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மலை இறங்கியது. மாடி ஜன்னலிலிருந்து எல்லோரும் பார்த்தோம். முதலில் சத்தமே இல்லை. கவ்வாத்துக் குச்சிகள் நின்றது நின்றபடியே கீழே நடந்து வந்தன, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் ஆட்களைப்போல வரிசை கலையாமல். பிறகுதான் சத்தம். ஆறாம் காம்பராவிலிருந்து பத்தாம் காம்பரா வரை போய்விட்டது. நிழல் நடக்கும், தண்ணீர் குந்தியிருக்கும் என்று சொன்னவர், மலை நடக்கும் என்று சொல்லவில்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகள், ஓர் ஆடு, கங்காணியின் ரேடியோ, என் தையல் மெஷின் எல்லாம் மண்ணுக்குள். கம்பளிகள் மட்டும் அத்தனையும் பத்திரமாக இருந்தன, எங்கள் மேல்.

மகளுக்கு அந்த மாடிச் சூட்டில் காய்ச்சல் விட்டு, அவள் கொழுந்து வாட்டும் சாக்குப் படங்கின் மேல் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கங்காணி என் காதருகே வந்து, "டீச்சர், தண்ணிக்கு உங்க மேல இருந்த பயம் போயிருச்சு" என்றார். பழைய மனிதர், ரேடியோ போன துக்கத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் தொரை வந்து எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கிளாக்கர், உங்கட மெஷின் வேலை செஞ்சிருக்கு."

"இல்ல சேர். மெஷின் இல்லன்னு சொல்லுச்சு. நான் நம்பர மாத்தினேன்."

தொரை அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் குலுக்கினார்.

ஓர் ஆளைப் பாராட்டிப் பாராட்டியே நோகடிக்க முடியும் என்று அந்த வருடம் பார்த்தேன். மஸ்கெலியாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். காணாமல்போன மாட்டின் படத்தை நீட்டி, இது எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஒருத்தி கேட்டாள். ஓர் ஆள் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். சாமியாடியைக் கூப்பிட்டால் போதுமே என்று சொன்ன மனிதரையே சாமியாடியாக்கிவிட்டார்கள். அவர் மெஷினைக் கலைத்துவிட்டார். கங்காணிக்குத்தான் வருத்தம், வேலை போய்விட்டதாம். நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று தெரியும். 'விடை வந்த பிறகு எண்ணை மாற்றி, மாற்றியதே சரியாகிவிட்டால் அது தவறா?' அதற்கும் பதில் வரவில்லை. பன்னிரண்டாம் பாடத்தில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் என்னிடம் சொன்னார்: "இருபத்து மூணு பேர் உசுரோட இருக்காங்க. சந்தோசந்தான். ஆனா டீச்சர், எங்கயோ தப்பு இருக்கு. மெஷின் தப்பா, நான் தப்பான்னு தெரியல. தூக்கம் வரமாட்டேங்குது."

"விடுங்க ஐயா" என்றேன். இரண்டே சொல். எனக்கு எவ்வளவு வசதியான இரண்டு சொல்.

பிறகு, இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவருக்கு இந்தியா போகக் கடதாசி வந்தது. அவர் பிறந்தது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஆனால் கடதாசி சொன்னால் போக வேண்டியதுதான். விண்ணப்பப் படிவத்தில் 'நிறம்' என்ற இடத்தில் '4' என்று எழுதியதால் கண்டியிலிருந்து அது ஒருமுறை திரும்பி வந்தது. அந்தளவுக்கு இன்னும் அவரில் மிச்சமிருந்தது என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். ஆட்களை ஏற்றிப்போகும் ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். வட்டகொடை ஸ்டேசனில் அன்றைக்கும் பிளாட்ஃபாரம் முழுக்க ஒப்பாரி. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்று சொல்லிவிடுவது என்ற முடிவோடு போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதே ஸ்வெட்டர்.

"ஐயா, அந்த நம்பர் விசயமா உங்கக்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம் டீச்சர். எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்களும் நன்றி சொல்லிராதீங்க. தாங்காது."

"அதில்ல ஐயா..."

"நீங்க ஒருத்தங்கதான் இதுவரைக்கும் சொல்லல. அது எனக்குப் பெரிய ஒத்தாச."

மடியிலிருந்த ஒரு காகிதக் கட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். இரண்டு படங்கள், எண் எழுதிய தாள்கள், 3-ஐ அடித்து 7 என்று எழுதிய தாள், அந்தப் பட்டை. பட்டையின் ஒரு மூலையில் என் மகளின் பல் பதிந்திருந்தது. கோச்சி அசைந்தது. நான் வாயைத் திறந்தபடி கூடவே நாலு எட்டு நடந்தேன். ஒப்பாரியில் யார் வாய் எதற்காகத் திறந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் இந்தியாவில் எந்த ஊரில் இறங்கினார், இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கடிதம் வரவில்லை. நானும் விலாசம் தேடவில்லை.

மகள் வளர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். கொழும்பில் ஒரு கம்பெனி; படங்களில் இருட்டான பகுதிகளைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதுகிறாளாம். சென்ற மாதம் லீவில் வந்தவள், அலமாரியைக் கிளறி அந்தக் காகிதக் கட்டை எடுத்துவிட்டாள். படங்களைக் கண்டதும், "அம்மா, இத நான் பத்து வரியில செஞ்சிருவேன்" என்றாள். டவுனுக்குப் போய் இரண்டு படத்தையும் ஸ்கேன் செய்துகொண்டு வந்து, கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"வெட்டு நம்பர் மூணு" என்றேன். "படத்தப் பாக்க முந்தி வை. வச்சா மாத்தக்கூடாது."

"என்னம்மா, பெரிய புரோகிராமர் மாதிரி" என்று சிரித்தாள். இப்போதெல்லாம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பத்துப் படி இல்லை, இருநூற்றைம்பதுக்கு மேல் என்றாள். மூன்றை அந்தக் கணக்குக்கு மாற்றி எழுதினாள். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். கங்காணியும் நானும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

பாறைக்கு அடியில் தொடங்கி, அகலமாகிக்கொண்டே இறங்கி, எங்கும் நிற்காமல், ஆறாம் காம்பராவிலிருந்து பத்தாம் காம்பரா வரை கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது இருட்டு. வெட்டு மூன்றிலேயே.

மகள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்; அவர் தாளைப் பார்த்தாள். "மூணுலயே தொடுதே. அவர் ஏன் ஏழுன்னு மாத்தினார்?"

நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து அடுக்கினேன். அவள் எண் தாள்களைப் பரப்பி, வரிசை வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். கடைசி நாலு வரிசையில் விரல் நின்றது. அஞ்சு, ஆறு, அஞ்சு, அஞ்சு என்று வாய்க்குள் படித்தாள். அந்த ஐந்தின் வயிற்றையும் ஆறின் வாலையும் பார்த்துத்தான் அவள் எண் எழுதப் பழகினாள். யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை.

வெளியே மழை தொடங்கியிருந்தது.

"அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல்" என்றேன். "சரியான காய்ச்சல்."

மகள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எத்தனை?"